கிடியனின் வியாழக்கிழமைகள்

விஸ்கான்சின், கிக்கபூ மேடு
2018 ஆகஸ்ட் 26

அன்புள்ள லியோனா அக்கா,

இந்தக் கடிதத்தை உங்கள் மடத்து மதர் முதலில் பிரித்துப் படிப்பார் என்று தெரியும். படிக்கட்டும். ஒளிக்க இதில் ஒன்றும் இல்லை.

ஏப்ரலில் கடைசி மாட்டையும் லாரியில் ஏற்றி அனுப்பியதை எழுதியிருந்தேன். பால் விற்கும் விலைக்கு மாட்டுக்குத் தீவனம்கூட வாங்க முடியவில்லை. ஆனாலும் பழக்கம் போகவில்லை. விடியுமுன் எழுந்து, பூட்ஸை மாட்டிக்கொண்டு தொழுவத்து வாசல் வரை போய்விடுகிறேன். உள்ளே சத்தமில்லாமல் இருக்கவும்தான் ஞாபகம் வருகிறது. அப்பா கட்டிய தொழுவம் அக்கா, அதில் சிட்டுக்குருவிதான் குடியிருக்கிறது.

இதையெல்லாம் ஜூனில் இரண்டு நாள் தியானத்துக்குப் போன இடத்தில் ஒருவரிடம் சொன்னேன். பெயர் கிடியன் லாஃப்டன். தாடி வைத்த மனுஷர், தச்சு வேலை தெரிந்தவர், ஆறு பிள்ளைகள். அவர் சொன்னார்: "உங்ககிட்ட நிலம் இருக்கு, ஆளில்ல. எங்ககிட்ட ஆளிருக்கு, நிலமில்ல. ஆண்டவர் கணக்கு போடத் தெரியாதவரா?"

அந்த ஒரு பேச்சுதான் எல்லாவற்றுக்கும் தொடக்கம். கத்தோலிக்கக் குடும்பங்கள் நாலைந்து நம் நிலத்தில் வந்து தங்குவது. ஆளுக்கொரு வீடு, தோட்டம். எல்லாருக்கும் சேர்த்து ஒரு கோவில். மூன்று வேளையும் மணியடித்துச் செபம். பிள்ளைகள் வீட்டிலேயே படித்துக்கொண்டு, மண்ணில் வேலை பழகிக்கொண்டு, ஒன்றாக வளரும். கிடியன் குடும்பமும், காசிமிர் என்று இன்னொருவர் குடும்பமும் வந்தாயிற்று. தானியக் கோபுரத்துக்குப் பின்னால், வண்டியில் கட்டி இழுத்துவருகிற சக்கர வீடுகளை அவர்களுக்காக நிறுத்தியிருக்கிறோம். 'புனித இசிதோர் குடியிருப்பு' என்று பலகை எழுதி ரோட்டோரம் நட்டேன். முதலில் பச்சை அடித்தேன், மரத்தோடு மரமாகத் தெரியாமல் போயிற்று. அப்புறம் வெள்ளையில் நீல எழுத்து. தூரத்திலிருந்தே பளிச்சென்று இருக்கிறது.

நீ இருபத்திரண்டு வருஷமாக அந்த மதிலுக்குள் பெண்களோடு கூடி வாழ்கிறாய். நாங்களும் சேர்ந்து வாழ ஓர் ஒழுங்கு எழுதித் தா அக்கா. டெல்ஃபின் நலம்.

உன் தம்பி,
கான்ராட்

*

நெப்ராஸ்கா, கார்மேல் மடம்
2018 செப்டம்பர் 16

சேசுவுக்கே புகழ்.

தம்பி கான்ராட்,

மதர் படித்தார். படித்துவிட்டுச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஒழுங்கு எழுதித் தரமாட்டேன். இங்கே நாங்கள் பதினாறு பேர். எல்லாரும் ஒரே கடவுளுக்காக வந்தவர்கள். சாப்பாட்டு அறையின் வடக்கு ஜன்னலைத் திறந்து வைப்பதா, மூடி வைப்பதா என்று எங்களுக்குள் மூன்று கோடைகள் போர் நடந்தது. பேசாமலே நடந்தது, ஏனென்றால் சாப்பிடும்போது பேசக்கூடாது. ஒருத்தி போகிற போக்கில் திறப்பாள். இன்னொருத்தி வருகிற வாக்கில் மூடுவாள். இரண்டு பேர் முகத்திலும் அப்படி ஒரு சாந்தம். இத்தனைக்கும் உள்ளே வருகிறவளை வருஷக்கணக்கில் பார்த்துப் பார்த்துத்தான் நிரந்தரமாகச் சேர்ப்போம். நீ ஒரு தியானத்தில், இரண்டு நாள் பழக்கத்தில், ஒரு மனுஷனை நிலத்தில் கொண்டுவந்து இறக்கியிருக்கிறாய்.

அந்தக் கிடியன் இதற்கு முன்னால் எங்கே இருந்தான்? ஆறு பிள்ளைகளோடு ஒரு குடும்பம் வானத்திலிருந்து விழாது. எங்கிருந்தோ கிளம்பித்தான் வந்திருக்கும். ஏன் கிளம்பியது?

உள்ளே வர வழி எழுதியிருக்கிறாய். பிடிக்காதவர்கள் வெளியே போக என்ன வழி?

பலகைக்கு என்ன நிறம் என்று எத்தனை வரி எழுதியிருக்கிறாய், எண்ணிப் பார். உன் மனைவிக்கு இரண்டே சொல். 'டெல்ஃபின் நலம்.' இந்த யோசனையைக் கேட்டபோது அவள் என்ன சொன்னாள்? உன் வார்த்தையில் வேண்டாம். அவள் வாயால் சொன்னதை அப்படியே எழுது.

செபத்தில் நினைக்கிறேன்.

லியோனா

*

கிக்கபூ மேடு
2018 நவம்பர் 28

அக்கா,

நீ எழுதியதைப் படித்துவிட்டு அடுப்பில் போடலாமா என்று இருந்தது. வாழ்த்து கேட்டு எழுதினால் போலீஸ் ஸ்டேஷனில் கேட்கிற கேள்வியெல்லாம் கேட்கிறாய்.

டெல்ஃபின் சொன்னதுதானே வேண்டும்? "உனக்கு எது நல்லதுன்னு படுதோ செய்." இதுதான். போதுமா?

கிடியன் முன்னால் மிசூரியில் இதே மாதிரி ஒரு பண்ணையில் இரண்டு குளிர்காலம் இருந்தவர். ஏன் விட்டு வந்தார் என்று கேட்டேன். "இன்னொருத்தர் வீட்டு விஷயம் கான்ராட். நான் பேசுனா நல்லா இருக்காது" என்றார். எனக்கு அது மரியாதையாகத்தான் பட்டது.

நல்லதையும் கேள். தொழுவத்தில் மாடு கட்டுகிற கட்டைகளையெல்லாம் எடுத்துவிட்டுப் பெஞ்சு போட்டிருக்கிறோம். சாயங்காலம் எல்லாரும் ஜெபமாலை சொல்லும்போது மூச்சு புகையாய்க் கிளம்புகிறது, மாடுகள் நின்ற காலத்தைப் போலவே. காசிமிரின் ஆடு ஒன்று பீடத்துப் பூவைத் தின்றுவிட்டது. அவர் மனைவி அதை வெட்டச் சொல்ல, பிள்ளைகள் அழ, அன்றைக்குச் செபம் பாதியில் நின்றது. தீவனக் கடையில் பக்கத்துப் பண்ணை அர்வின் எல்லார் முன்னாலும் கேட்கிறான்: "என்னப்பா கான்ராட், போப்பாண்டவர் எப்ப குடி வர்றாரு?" சிரித்துக்கொண்டேன். ரோவீனா, அதாவது கிடியன் மனைவி, இரவுக்கு முட்டைக்கோஸ் சூப் வைத்தால் நம் சமையலறை மேஜையில் இடம் போதாமல் படிக்கட்டில் உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள். அந்தச் சத்தம் எனக்குப் பிடித்திருக்கிறது அக்கா.

நான் எவ்வளவு நம்புகிறேன் என்று தெரிந்துகொள். போன மாதக் கடைசியில் கிடியன், நிலம் யார் பேரில் இருக்கிறது என்று கேட்டார். என் பேரிலும் டெல்ஃபின் பேரிலும் என்றேன். கொஞ்ச நேரம் தாடியைத் தடவிக்கொண்டு யோசித்தார். 'ஏன் கேட்கிறீர்கள்' என்று நான் கேட்கவில்லை. வியாழக்கிழமைதோறும் வண்டியை எடுத்துக்கொண்டு எங்கோ போய் இருட்டிய பிறகு வருகிறார். அதையும் கேட்கவில்லை. நம்பிக்கைதான் அஸ்திவாரம்.

டெல்ஃபின் நலம். பழம் பாட்டிலில் அடைக்கிற வேலை அவளுக்கு இப்போது நிறைய. அதனால் தனியே எழுதவில்லை.

கான்ராட்

*

கார்மேல் மடம்
2019 ஜனவரி 8

சேசுவுக்கே புகழ்.

தம்பி,

திருவருகைக் காலத்தில் எங்களுக்குக் கடிதம் கிடையாது. உன்னுடையது கிறிஸ்துமஸ் அன்றுதான் கைக்கு வந்தது. அன்றிலிருந்து மனதில் உறுத்திக்கொண்டே இருக்கிறது.

நவம்பர் கடைசியில் நம் மேட்டில் என்ன பழம் இருக்கிறது? கடைசி ஆப்பிளே அக்டோபரில் முடிந்துவிடும். நானும் அந்த வீட்டில் பிறந்தவள்தான், மறந்துவிட்டாயா?

டெல்ஃபின் சமையலறையில் ரோவீனா ஏன் சூப் வைக்கிறாள்? தன் கத்தியை என்னைக்கூடத் தொடவிடாதவள் டெல்ஃபின். இங்கே ஒரு சகோதரிக்குக் காய்ச்சல் முற்றினால் வீட்டாருக்கு 'நலம், வேலை அதிகம்' என்றுதான் எழுதுவோம். அந்த எழுத்து நடை எனக்குத் தெரியும். டெல்ஃபின் எங்கே?

அடுத்தது அந்த ஆள். நம்புவது வேறு, கேட்கப் பயப்படுவது வேறு. முந்தைய இடத்தைப் பற்றி வாய் திறக்காதவன். நிலம் யார் பேரில் என்று கேட்டவன். கேட்டுவிட்டு யோசித்தவன். வாரத்தில் ஒரு நாள் சொல்லாமல் போய் இருட்டில் திரும்புகிறவன். இவற்றை ஒவ்வொன்றாகப் பார்த்தால் ஒன்றுமில்லை. வரிசையாக வைத்துப் பார். உன் இடத்தில் நான் இருந்தால் அந்த வண்டி எங்கே நிற்கிறது என்று தெரியாமல் தூங்கமாட்டேன்.

லியோனா

*

கிக்கபூ மேடு
2019 மார்ச் 3

அக்கா,

இதை மதர் படிக்காமல் உன்னிடம் கொடுத்தால் நல்லது. கொடுக்கமாட்டார். பரவாயில்லை.

டெல்ஃபின் அக்டோபர் நடுவிலிருந்து இங்கே இல்லை. ஆற்றங்கரை ஊரில், பிரேரி டு ஷீனில், தங்கை கோலெட் வீட்டில் இருக்கிறாள். சண்டை என்று பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை. ஒரு நாள் காலையில் மாவு பிசைகிற பெரிய கிண்ணத்தையும் நாயையும் காரில் ஏற்றினாள். "என் கரண்டி எங்கன்னு என் சமையக்கட்டுல நான் அடுத்தவங்ககிட்ட கேக்கணும்னா, அது என் சமையக்கட்டு இல்ல கான்ராட்" என்றாள். ஞாயிற்றுக்கிழமைக்குள் வந்துவிடுவாள் என்று நினைத்தேன். எல்லாரிடமும் கோலெட்டுக்கு உடம்பு சரியில்லை என்று சொல்லிவைத்தேன். உன்னிடமும் அதையே எழுத மனம் வரவில்லை, அதனால் பழத்தை எழுதினேன்.

ஜனவரி கடைசியில் வந்த குளிரில் சக்கர வீட்டுக் குழாய்களெல்லாம் வெடித்தன. காசிமிர் ஆடுகளை விற்றுவிட்டுக் குடும்பத்தோடு போய்விட்டார். போகும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை. இப்போது கிடியன் குடும்பம் மட்டும்தான்.

நீ எழுதிய பிறகு எனக்குக் கண் திறந்ததா, கெட்டுப்போனதா தெரியவில்லை. எல்லாமே வேறு மாதிரி தெரிகிறது. புதன்கிழமை சாயங்காலம் கிடியன் தாடியைக் கத்தரித்துக்கொள்கிறார். வியாழன் காலையில் வெண்ணெயும் முட்டையும் கொஞ்சம் குறைகின்றன. ரோவீனாவிடம் கேட்டேன்: "எங்க போறாரு?" அவள் தலை நிமிராமல், "அவரே உங்ககிட்ட சொல்லுவாரு" என்றாள். போன வாரம் அவர் வண்டிக்குள் எட்டிப் பார்த்தேன். சீட்டில் டெல்ஃபினின் நீலக் கம்பளிச் சால்வை கிடந்தது. நான் வாங்கிக் கொடுத்தது.

நேற்று தீவனக் கடையில் அர்வின் என்னைத் தனியாகக் கூப்பிட்டான். இந்தத் தடவை கேலி இல்லை. "உங்க ஆளு வண்டிய பிரேரி டு ஷீன்ல பாத்தேன். உன் மச்சினி வீட்டு வாசல்ல. ஒரு தடவ இல்ல."

வருகிற வாரமோ அடுத்த வாரமோ வியாழக்கிழமை அந்த வண்டிக்குப் பின்னாலேயே போகப்போகிறேன். மான் வேட்டைத் துப்பாக்கி சுவரில் மாட்டியிருக்கிறது. அதை எடுக்கவில்லை. ஆனால் நின்று பார்த்தேன். பார்த்ததை உன்னிடம் மறைக்க வேண்டாம் என்றுதான் எழுதுகிறேன். உடனே பதில் போடு.

கான்ராட்

*

கிக்கபூ மேடு
2019 மார்ச் 15

அக்கா,

நீ பதில் போடவில்லை. சாம்பல் புதன் வந்துவிட்டது, தவக்காலத்தில் உனக்குக் கடிதம் தரமாட்டார்கள் என்பது நேற்று அவர் வண்டிக்குப் பின்னால் போகும்போதுதான் உறைத்தது. துப்பாக்கியை எடுத்துப் போகவில்லை. முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன்.

பனி உருகி ஆற்றுத் தண்ணீர் ரோடு வரைக்கும் ஏறியிருந்தது. மூடுபனியில் அவர் வண்டியின் சிவப்பு விளக்கு மட்டும்தான் தெரிந்தது. கோலெட் வீட்டு வாசலில் நின்றது. நான் தெருமுனையில் கொஞ்ச நேரம் ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தேன். அப்புறம் பின்கதவைத் திறந்துகொண்டு தட்டாமல் உள்ளே போனேன்.

சமையலறை. கோலெட் அடுப்புப் பக்கம் நிற்கிறாள். டெல்ஃபின் மேஜையில் உருளைக்கிழங்கு தோல் சீவிக்கொண்டிருக்கிறாள். எதிரே கிடியன், தொப்பியை முழங்காலில் வைத்துக்கொண்டு, வேலை கேட்டு வந்தவன் மாதிரி நாற்காலி நுனியில். நாய்தான் முதலில் என்னைப் பார்த்தது. ஓடிவந்து என் மேல் ஏறியது.

"என்ன நடக்குது இங்க?" என்றேன். என் குரல் எனக்கே பிடிக்கவில்லை.

கிடியன் எழுந்து நின்றார். "கேட்டுக்கிட்டு இருக்கேன்."

"என்னத்த?"

"நாங்க உங்க நிலத்துல இருக்கலாமான்னு. பாதி நிலம் இவங்களோடது. நீங்கதான் சொன்னீங்க."

டெல்ஃபின் கத்தியைக் கீழே வைக்கவில்லை. "இவரு நவம்பர்லேர்ந்து வாராவாரம் வந்து கேக்குறாரு. நீ ஒரு தடவகூட கேக்கல."

"'எது நல்லதுன்னு படுதோ செய்'னு நீதானே சொன்ன?"

"நீ பலகைக்கு பெயின்ட் அடிச்சிட்டு வந்துதான் என்கிட்ட சொன்ன. கையில பெயின்ட்டு காயல. அப்புறம் நான் என்னத்த சொல்றது? அதுக்குப் பேரு சம்மதமா?"

கிடியன் மிசூரியைப் பற்றி அப்போதுதான் பேசினார். அங்கேயும் நிலத்துக்காரர்தான் எல்லாரையும் கூட்டிவந்தாராம். "அந்த வீட்டம்மா ரெண்டு குளிர்காலம் எங்ககிட்ட ஒரு வார்த்த பேசல. நாங்க அத பக்தின்னு நெனச்சோம். கடைசில அவங்க கிளம்பிப் போனாங்க, அவரு குடியில விழுந்தாரு, எல்லாம் செதறிப்போச்சு. இவங்க தங்கச்சிக்கு ஒடம்பு சரியில்லன்னு நீங்க சொன்னப்பவே எனக்கும் ரோவீனாவுக்கும் புரிஞ்சிருச்சு. நடவுக்குள்ள இவங்க வேண்டாம்னுட்டா நாங்க கிளம்பிர்றதா இருக்கோம்."

வெண்ணெயும் முட்டையும் ரோவீனா கொடுத்தனுப்பியவை. சால்வை, கிடியனின் மூத்த பெண்ணுக்கு நெஞ்சுச் சளி என்று கேள்விப்பட்டு டெல்ஃபின் கொடுத்தது.

"என்கிட்ட ஏன் சொல்லல?" என்று அவரைக் கேட்டேன்.

டெல்ஃபின்தான் பதில் சொன்னாள். "நான்தான் சொல்ல வேண்டாம்னேன். நீயா வருவியான்னு பாத்தேன். அஞ்சு மாசம் கழிச்சு வந்த. என்னப் பாக்க வரல. இவரப் பிடிக்க வந்த."

கோலெட் எனக்கு ஒரு காப்பி ஊற்றி வைத்தாள். குடிக்காமல் வந்துவிட்டேன்.

கான்ராட்

*

கார்மேல் மடம்
2019 ஏப்ரல் 24

உயிர்த்த ஆண்டவருக்கே புகழ்.

தம்பி,

தவக்காலத்தில் மதரும் கடிதம் எதையும் பிரிப்பதில்லை; உன் இரண்டு கடிதங்களையும் திங்கட்கிழமை உறையோடு ஒன்றாகக் கொடுத்தார்கள். மார்ச் மூன்றாம் தேதியுடையதை முதலில் படித்தேன். துப்பாக்கியில் வந்து அது முடிந்தது. அடுத்த உறையைப் பிரிக்கக் கை வரவில்லை. மேலே உன் கையெழுத்து இருந்ததால் நீ உயிரோடு இருக்கிறாய் என்று மட்டும் தெரிந்தது. மற்றவர்களைப் பற்றித் தெரியாது. சகோதரி ஒருத்தியைக் கூப்பிட்டு, "நீ பிரித்து முதல் நாலு வரியைப் படி" என்றேன்.

'வரிசையாக வைத்துப் பார்' என்று எழுதியவள் நான். நீ வைத்துப் பார்த்தாய். நான் எழுதியது உன் வீட்டுக்குள் போய் வேலை செய்துகொண்டிருந்த நாற்பது நாளும் நான் இங்கே மௌனத்தில் பரிசுத்தமாக உட்கார்ந்திருந்தேன். கிடியனிடம் நான் மன்னிப்புக் கேட்டதாகச் சொல். முதலில் நடந்ததை ஒளிக்காமல் சொல், பிறகு இதைச் சொல்.

உன்மேல் எனக்குச் சந்தேகம் இன்னும் தீரவில்லை. டெல்ஃபின் பேசியதை இந்தத் தடவைதான் அவள் வாயால் எழுதியிருக்கிறாய், அது சரி. ஆனால் காப்பியைக் குடிக்காமல் வந்துவிட்டாய் என்று முடிக்கிறாய். திரும்பி வந்து தொழுவத்தில் உட்கார்ந்து உன்னைப் பார்த்து நீயே இரக்கப்பட்டிருப்பாய். நான் உன்னை அறிவேன். இன்னும் அவளை ஒன்றும் கேட்கவில்லை, அல்லவா? கேட்கப் போனால் 'திரும்பி வா' என்று தொடங்காதே. அது உனக்கு வேண்டியது. அவளுக்கு வேண்டியது என்னவென்று எனக்கும் தெரியாது.

லியோனா

*

கிக்கபூ மேடு
2019 ஜூன் 16

அன்புள்ள அக்கா,

தொழுவத்தில் உட்கார்ந்திருந்தது உண்மைதான். ஈஸ்டர் வரைக்கும் உட்கார்ந்திருந்தேன்.

உன் கடிதம் வந்த வாரம் ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்த கையோடு பிரேரி டு ஷீன் போனேன். கதவைத் தட்டினேன். கோலெட் திறந்து, "அவ தூங்குறா" என்று மூடிவிட்டாள். உள்ளே டெல்ஃபினின் பேச்சுச் சத்தம் கேட்டது. அடுத்த ஞாயிறு வாசல்படியில் உட்கார இடம் கிடைத்தது. அங்கேதான் கேட்டேன், கிடியன் குடும்பம் இருக்கலாமா என்று.

"வேண்டாம்னா என்ன பண்ணுவ?"

"நானே போய் அவங்ககிட்ட சொல்லிடுவேன்."

"சொல்லிட்டு மொகத்தத் தூக்கி வச்சுக்குவ."

"வச்சுக்குவேன். கொஞ்ச நாளு."

அப்போதுதான் முதல் தடவையாக அவள் உதட்டோரம் கொஞ்சம் அசைந்தது. ஆனால் பதில் வர இன்னும் இரண்டு ஞாயிறு ஆயிற்று. அவர்கள் இருக்கலாம். அவளுடைய சமையலறையில் இல்லை. பழைய பால் அறையில் அடுப்பும் புகைபோக்கியும் வைத்து ரோவீனாவுக்குத் தனிச் சமையலறை. அது முடிகிற வரைக்கும் கோவில் பேச்சு எடுக்கக்கூடாது. நிலம் இப்போது இருக்கிற மாதிரியே இரண்டு பேர் பேரில். இனி ஒரு குடும்பம் வருவதானாலும் ஓர் ஆடு வருவதானாலும் அவளைக் கேட்டுத்தான்.

கிடியனும் நானும் மே கடைசியிலிருந்து பால் அறையில் வேலை செய்தோம். துப்பாக்கியை நின்று பார்த்ததை அங்கே அவரிடம் சொன்னேன், நீ கேட்ட மன்னிப்பையும் சேர்த்து. அவர் ரம்பத்தை நிறுத்திவிட்டு நெடுநேரம் வெளியே போய் நின்றார். திரும்பி வந்து, "அத ரோவீனாகிட்ட சொல்ல வேண்டாம்" என்றார். என்னோடு தனியே இருக்கும்போது அவர் இப்போதும் கதவுப் பக்கமாகத்தான் நிற்கிறார். அது என் கற்பனையாகவும் இருக்கலாம். உன்னிடமிருந்து எனக்குத் தொற்றிய சந்தேகம் இன்னும் முழுக்கப் போகவில்லை.

டெல்ஃபின் போன செவ்வாய்க்கிழமை வந்தாள். எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைக்காதே. மாடி அறையில்தான் படுக்கிறாள். வந்த மறுநாளே துணிக் கொடியில் யார் எந்தப் பக்கம் காயப்போடுவது என்று அவளுக்கும் ரோவீனாவுக்கும் சண்டை. மேடு முழுக்கக் கேட்டது. நானும் கிடியனும் அந்தப் பக்கம் தலைகாட்டாமல் தொழுவத்திலேயே நின்றுகொண்டோம். "சத்தமா போடுறாங்க. நல்லதுதான்" என்றார் அவர். மிசூரியை நினைத்திருப்பார்.

இந்த வருஷம் ஓயாத மழை. மாடு போன பிறகு தீவனப்புல்லை விற்றுத்தான் காலம் ஓடுகிறது, அதனால் நேற்று வெயில் தலைகாட்டியதும் முதல் அறுப்பைத் தொடங்கிவிட்டோம். மேட்டு வயல் முழுக்க அறுத்த புல் ஈரத்தோடு கிடக்கிறது. இன்று சாப்பாட்டுக்குப் பிறகு டெல்ஃபின் தட்டைக் கழுவிக்கொண்டே, என்னைப் பார்க்காமல் சொன்னாள்: "புல்லறுப்பு முடியிற வரைக்கும் இருக்கேன். அப்புறம் பாக்கலாம்."

ஒரு கோடைக்கு இங்கே மூன்று அறுப்பு. கடைசியானது முடிய செப்டம்பர் ஆகிவிடும். அது அவளுக்குத் தெரியாதா? முன்பு என்றால் எனக்குச் சாதகமாக ஒன்றை நினைத்துக்கொண்டு சும்மா இருந்திருப்பேன்.

"எந்த அறுப்பு?" என்று கேட்டேன்.

அவள் கையைத் துடைத்துக்கொண்டு ஜன்னல் வழியாக மேற்கே மேகத்தைப் பார்த்தாள்.

"மொதல்ல இது காயட்டும்" என்றாள்.

உன் தம்பி,
கான்ராட்